திறக்காத கண்ணாடி

வியாழக்கிழமை காலையில் வாசலுக்கு வந்தபோது, எல்லோரும் 'வேன் அக்கா' என்று கூப்பிடும் அவள் கண்ணில் முதலில் பட்டது, வண்டி திரும்பி நிற்பது. ஆட்கள் ஏறி இறங்கும் தள்ளுகதவு எப்போதும் வீட்டைப் பார்த்துத்தான் இருக்கும். இன்றைக்கு அது மதில் சுவரை ஒட்டிக்கொண்டு நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு பூனை போகலாம். மனுஷி போக முடியாது.

முந்தின நாள் சாயங்காலம் வண்டியை வாங்கிப் போனவன் தம்பி. வீடு மாற்றுகிறான், நான்கு நடை சாமான் ஏற்ற வேண்டும் என்றான். திரும்பி வந்து சாவியை ஜன்னல் வழியாகவே நீட்டிவிட்டு, "நேரமாச்சுக்கா" என்று நடையைக் கட்டினான். வந்தால் அடுப்படிவரை போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்க்கிறவன், தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறான் என்றால் ஏதோ நடந்திருக்கிறது. அப்போதே எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். இடுப்பு வலி. படுத்துவிட்டாள்.

வண்டியைச் சுவரைவிட்டு நான்கடி தள்ளி நிறுத்திவிட்டு இறங்கிச் சுற்றி வந்தாள். தள்ளுகதவுக்குப் பின்னால், மூலையில், கண்ணாடி இருந்த இடத்தில் கண்ணாடி இல்லை. ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, பழுப்பு டேப்பால் சுற்றிலும் ஒட்டியிருந்தது. அட்டையில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சடித்து அம்புக்குறி போட்டிருந்தது. அம்புக்குறி தரையைக் காட்டியது.

போனை எடுத்தாள். வேன் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். தெரிந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் இரண்டு அடி பின்னால் போவார்கள். போனில் எங்கே போவது.

"எப்படா உடைஞ்சுது?"

"என்னதுக்கா?"

அவள் பேசாமல் இருந்தாள். நோயாளிகளிடம் கற்றது அது. நாம் வாயை மூடிக்கொண்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள், என்ன தின்றார்கள், எந்த மாத்திரையைத் துப்பினார்கள் என்று.

"கட்டில் சட்டம்க்கா. உள்ள தள்ளும்போது அதோட கால் கொஞ்சம் இடிச்சிடுச்சு. சின்னக் கண்ணாடிதானே. அது திறக்கக்கூட திறக்காது."

"திறக்காட்டி?"

"இல்ல, ஏத்தி இறக்கற கண்ணாடின்னா கஷ்டம். இது சும்மா நிக்கிறது."

"நீயும்தான் சும்மா நிக்கிறே. உன்னை உடைச்சிட்டு அட்டை ஒட்டிடவா?"

"மதியத்துக்குள்ள கண்ணாடிக் கடையில சொல்லிடறேன்க்கா. நீ டென்ஷன் ஆகாதே."

டென்ஷன் ஆகாதே என்று சொல்லி யாருடைய டென்ஷனும் இந்த உலகத்தில் குறைந்ததில்லை. அவள் போனை வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறினாள். கடைசி இருக்கையில் கையை வைக்கப் போனவள், வைக்காமல் குனிந்து பார்த்தாள். இருக்கைத் துணியில், தையல் இடுக்கில், கால் வைக்கும் ரப்பர் விரிப்பின் கோடுகளில், கல் உப்பு சிதறினாற்போல் கண்ணாடிச் சில்லு. தம்பி பெருக்கியிருந்தான், இல்லை என்று சொல்ல முடியாது. நடுவில் மட்டும் பெருக்கியிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது. அதுவரை வந்தது வெறும் எரிச்சல்.

அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலையில் அவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, ரத்தம் சுத்திகரிக்கிற மையத்தில் இறக்கி, நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்தபின் திரும்ப வீட்டு வாசலில் விட வேண்டும். மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். திரும்பி வரும்போது அந்த மருந்து உடம்பில் இருக்கும். நமக்கு ஒரு சில்லு குத்தினால் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்ப்போம். அவர்களுக்கு அது நிற்காது. அரை மணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். 'சின்னக் கண்ணாடிதானே' என்றவனுக்கு இது தெரியும். பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள்.

வியாழக்கிழமை முழுவதும் அவள் சில்லு பொறுக்கினாள். முதலில் தூசி உறிஞ்சும் மெஷின். பிறகு ஈரத்துணி. பிறகு காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரிச் சுருளைக் கையில் சுற்றிக்கொண்டு, இருக்கை இருக்கையாக, தையல் தையலாக ஒற்றி எடுத்தாள். கடைசியில் டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தாள். அப்படி அடித்தால் மிச்சம் இருப்பது மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். வார்டில் ஊசி மருந்துக் குப்பி உடைந்தால் இப்படித்தான் தேடுவார்கள்.

வார்டில் அவள் பதினெட்டு வருடம் இருந்தாள். நர்ஸ் இல்லை. நோயாளியைப் பராமரிக்கும் பயிற்சி ஒரு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, மலச்சட்டி வைப்பது, எடுப்பது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது. ஒரு நாள் நூறு கிலோ மனிதர் ஒருவர் கட்டிலிலிருந்து சரிய, தாங்கிப் பிடித்ததில் முதுகுத் தட்டு விலகிவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து போய்ப் பல் துலக்கினார். அவளுடைய வார்டு வாழ்க்கை அன்றோடு முடிந்தது. கணவர் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போய் வேலையோடேயே தங்கிவிட்டவர், கணக்கில் சேர்த்தி இல்லை. தூக்க முடியாத முதுகை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்தாள். உட்கார்ந்து ஓட்டலாம். இன்னொருவர் ஓட்டித் தேய்ந்த வேனை வாங்கி, பின் இருக்கை ஒன்றைக் கழற்றிச் சக்கர நாற்காலி ஏற்றப் பலகை வைத்தாள். அது ஆயிற்று ஒன்பது வருடம்.

மதியம் சொன்னபடியே தம்பி போன் செய்தான். "கடையில சொல்லிட்டேன்க்கா. வெளியூர் கிடங்குலேர்ந்து வரணுமாம். சனிக்கிழமை வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுத்துடுவாங்க."

"சரி" என்று வைத்துவிட்டு, அடுத்த நிமிடம் அவளே கடைக்குப் போன் செய்தாள். எடுத்தவர் கண்ணாடி மாட்டுகிறவர்.

"காலையில ஒருத்தன் வேன் கண்ணாடிக்குச் சொன்னானே, நான் அவன் அக்கா பேசறேன்."

"ஆமாக்கா, எழுதி வச்சிருக்கேன். பின்பக்கம், திறக்காத கண்ணாடி..."

"எந்தப் பக்கம்னு சொன்னானில்ல?"

"சொன்னார்க்கா. அவர் சொன்னது..."

"அவன் சொன்னதை எனக்குச் சொல்லாதீங்க. அவன் எந்தப் பக்கம் சொன்னானோ, அதுக்கு எதிர்ப்பக்கம் போட்டுக்கோங்க."

"அக்கா, நீங்களே பக்கத்தைச் சொல்லிட்டா..."

"நான் சொல்றது புரியுதா இல்லையா? அவன் வாயில வர்றதைத் திருப்பிப் போட்டா அது சரியா இருக்கும். நாப்பத்தி நாலு வருஷமா பாத்துட்டிருக்கேன். போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டுக்கிட்டேன்க்கா" என்றார் அவர். பாவம், அவருக்குக் காலையிலிருந்து அவள் எத்தனையாவது கோபக்காரியோ.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவள் இரவுப் பணியில் இருந்தாள். தம்பிதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். எந்தக் கை விழுந்திருக்கிறது என்று கேட்டதற்கு, அப்பாவின் எதிரே நின்றபடி, தன் இடது கைப் பக்கம் பார்த்து 'இடது' என்றான். விழுந்தது வலது. பராமரிப்புப் பயிற்சியில் முதல் வாரம் சொல்லித் தருவதே இதுதான். இடது என்றால் படுத்திருப்பவரின் இடது, நிற்கிறவரின் இடது இல்லை. அங்கே இருந்த ஒரு புது ஆள், தம்பி பேச்சை நம்பி, கூப்பிடு மணியையும் தண்ணீர்க் குவளையையும் அப்பாவின் வலது கைப் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். செத்த கைக்குப் பக்கத்தில். ராத்திரி முழுவதும் அப்பா மணியைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். காலையில் அவள் போனபோது படுக்கை நனைந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. அப்பா அதற்கப்புறம் நான்கு வருடம் இருந்தார். அவள்தான் பார்த்தாள். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், தம்பி இடது என்றால் வலது என்று எடுத்துக்கொள்வது. வழி சொன்னாலும் சரி, வீட்டு அடையாளம் சொன்னாலும் சரி. பெரும்பாலும் பலித்தது.

வெள்ளிக்கிழமை அட்டையோடு வண்டி போனது. மையத்து வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். எந்த வண்டி யாரை ஏற்றலாம் என்று முடிவு செய்கிறவர் அவர்தான். அட்டையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பார்சல் வண்டியா?"

"நாளைக்குப் புதுசு வந்துடும் சார்."

"நாளைக்கு நான் இங்க இல்ல. திங்கட்கிழமை காலையில ஆறரைக்கு வண்டி கண்ணாடியோட இங்க நிக்கணும். இல்லன்னா உங்க ஆறு பேரையும் பெரிய பஸ்ஸுல மாத்திடுவேன். மாத்தினா ஆறு மாசத்துக்குப் பட்டியலைத் திறக்க மாட்டோம், தெரியுமில்ல?"

"பஸ் மெயின் ரோட்டுலதான் சார் நிக்கும்."

"அதுக்கு நான் என்ன பண்றது? கழுத்துல குழாய் வச்சிருக்கிறவங்களைத் தூசியில கூட்டிட்டு வர்றீங்க. நீங்களே வார்டுல இருந்தவங்க."

அதுதான் அவளைச் சுட்டது. அவர் சொன்னது சரி. சரியாகப் பேசுகிறவர்மேல் கோபப்பட முடியாதது போல எரிச்சல் வேறு இல்லை.

இதைத் தள்ளுகதவு ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த தையல்காரம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரையில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போனவள். வீடு ஒரு சந்தின் கடைசியில். வேன் பின்னால் பின்னாலேயே போய்த்தான் அங்கே நுழையும். பஸ் நுழையாது. நாற்காலியைத் தள்ள வீட்டில் ஆளும் இல்லை.

"நான் பஸ்ஸுல வரமாட்டேன்டி" என்றாள் வீட்டுக்குத் திரும்பும்போது.

"வராம?"

"வரமாட்டேன், அவ்வளவுதான். இருக்கிற வரைக்கும் தைக்கிறேன்."

வேன் அக்கா தலைக்கு மேல் இருந்த பின்பார்வைக் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் நீர் நெஞ்சில் ஏறி மூச்சு முட்டும். மூன்றாவது முறையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தையல்காரம்மாவுக்கும் இது தெரியும். "வாயை மூடிட்டு வா" என்றாள் வேன் அக்கா. "இன்னொரு தடவை இப்படிப் பேசினே, நடுரோட்டுல இறக்கி விட்டுடுவேன்."

"ஒத்தைக் காலோடவா?"

"ஒத்தைக் காலோடதான்."

சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடிக்காரர் இரு சக்கர வண்டியில், முதுகில் பெரிய தட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் கறுப்புப் பசை ஏறிப்போயிருந்தது. தம்பியை அவள் காலையிலிருந்தே வரவழைத்து வாசலில் உட்கார வைத்திருந்தாள். எதற்கு என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கண் முன்னால் இருந்தால் திட்ட வசதியாக இருந்தது.

கண்ணாடிக்காரர் அட்டையைப் பிய்த்தார். ஓட்டைக்குள் ஒட்டியிருந்த பழைய கண்ணாடி விளிம்பைக் கழற்றினார். புதுக் கண்ணாடியைப் பிரித்து, இரண்டு கையாலும் தூக்கி, ஓட்டைக்கு நேராகப் பிடித்தார். ஒரு பக்கம் சாய்த்தார். இன்னொரு பக்கம் சாய்த்தார். பிறகு மெதுவாகப் பெட்டிமேலேயே வைத்துவிட்டார்.

"அக்கா, இது அந்தப் பக்கத்துக் கண்ணாடி."

"எந்தப் பக்கத்து?"

"வலது. வளைவு எதிர்ப்பக்கமா போகுது பாருங்க. உள்ள வெளியன்னு திருப்பியும் வைக்க முடியாது. இது குழிவு."

வேன் அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். வாயைத் திறக்கும் முன்பே அவன் எழுந்துவிட்டான்.

"நான் இடதுன்னுதான் சொன்னேன். சத்தியமா. வண்டியைத் திருப்பி விடறதுக்கு முன்னாடியே டிரைவர் சீட்ல உக்காந்து, கையைத் தூக்கிப் பாத்து வச்சுக்கிட்டுத்தான் கடைக்குப் போன் பண்ணினேன். அப்பா விஷயத்துக்கப்புறம் நான் எப்பவும் அப்படித்தான்க்கா பாக்கறேன்."

கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பிரித்து நீட்டினார். அதில் வேன், பின்பக்கம், திறக்காதது என்று எழுதியிருந்தது. அடுத்து 'இடது'. அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'வலது'. கீழே சின்னதாக, 'அக்கா சொன்னது'.

வேன் அக்கா அதை இரண்டு முறை படித்தாள். கோபம் இறங்கவில்லை. போக இடம் இல்லாமல் அங்கேயே சுற்றி வந்தது.

"நீங்க கேட்டிருக்கலாமில்ல?" என்றாள்.

"கேட்டேன்க்கா."

"இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

"நீங்க விட்டாத்தானே."

"திரும்ப வரவழைக்க எத்தனை நாள்?" என்றாள்.

"நாளைக்குக் கிடங்கு லீவு. திங்கள் சொன்னா புதன்கிழமை வரும்." அவர் கண்ணாடியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். கயிற்றை ரொம்ப நேரம் கட்டினார். "எனக்கு என் கஷ்டம்க்கா. முதலாளி ஏற்கெனவே ரெண்டு தடவை பக்கம் மாத்தி எழுதிட்டேன்னு கத்தியிருக்கார். மூணாவது வந்தா வேற ஆள் பாத்துக்கறேன்னுட்டார். கோடு போட்டு மாத்தினது என் கையெழுத்துதானே. அவர் உங்க பேரையா பார்ப்பார்."

தம்பி அக்காவைப் பார்க்கவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்திருந்தால், அவள் அதைப் பிடித்துக்கொண்டு ராத்திரிவரை சண்டை போட்டிருப்பாள். அவன் சொல்லவில்லை.

"உங்க முதலாளி நம்பரைக் கொடுங்க" என்றாள்.

"வேணாம்க்கா, அவர்கிட்டயும் போய்ச் சத்தம் போட்டா..."

"கொடுங்கன்னா கொடுங்க."

எடுத்தவரிடம் எந்த வண்டி, எந்தக் கண்ணாடி என்று சொன்னாள். பிறகு, நீளமான பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் பிய்ப்பது போலப் பேசினாள். "உங்க ஆள் தப்பா எழுதலை. என் தம்பி சரியாத்தான் சொன்னான். அவர் சரியாத்தான் எழுதினார். நான்தான் போன் பண்ணி மாத்தச் சொன்னேன். அவர் கேக்கக் கேக்க நான் கேக்கலை." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமா, நானேதான். என் வாயாலதான் சொல்றேன். இன்னும் எத்தனை தடவை சொல்லணும்? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவா?" இன்னும் ஏதோ கேட்டார்கள். "இல்ல, அவரை எதுவும் சொல்லாதீங்க. சொன்னா நான் நேர்ல வருவேன்."

வைத்தாள். போனைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

கண்ணாடிக்காரர் கட்டின கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். "வண்டி உடைக்கிற இடம் ஒண்ணு இருக்கு, ஊரைத் தாண்டி" என்றார், கயிற்றிடம் பேசுவது போல. "இதே வேன் ஒண்ணு நிக்குது. முன்பக்கம் எரிஞ்சு போச்சு. பின்பக்கம் நல்லாத்தான் இருக்கு. போன மாசம் பாத்தேன். கண்ணாடியை முழுசா வெட்டி எடுத்துட்டா, என்கிட்ட புதுப் பசை இருக்கு. ஆனா அதை எடுக்கறது கஷ்டம். கம்பி இழுக்க ரெண்டு பேர் வேணும். நான் வழி காட்டணும்."

"ரெண்டு பேர் இருக்கோமே" என்றான் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. உடைசல் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அவர்கள் தேடி வந்த வேன் தரையில்தான் இருந்தது. இன்ஜின் பக்கம் கறுத்துச் சுருண்டிருந்தாலும், இடது பின் மூலைக் கண்ணாடி ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. கண்ணாடிக்காரர் உள்பக்க மறைப்பைக் கழற்றி, கூரான ஊசியால் பசைக்குள் ஒரு துளை போட்டு, முறுக்கு வைத்த மெல்லிய கம்பியை நுழைத்தார். ஒரு முனையில் ஒரு மரக்கட்டை, மறுமுனையில் ஒரு மரக்கட்டை.

"அக்கா உள்ள உக்காருங்க. அவர் வெளிய. ரம்பம் இழுக்கற மாதிரி. அவர் இழுக்கும்போது நீங்க விட்டுக் கொடுக்கணும், நீங்க இழுக்கும்போது அவர். ஒரே நேரத்துல ரெண்டு பேரும் இழுத்தா கம்பி கண்ணாடி விளிம்புல ஏறும். ஏறினா அவ்வளவுதான், பொலபொலன்னு போயிடும். இது ஒண்ணுதான் இருக்கு."

வேன் அக்கா முதுகுக்குப் பழைய இருக்கைப் பஞ்சு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே கரிநாற்றம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியின் வயிறு தெரிந்தது, முகம் தெரியவில்லை.

முதல் பத்து இழுப்பு சரியாகப் போயிற்று. பிறகு அவள் வேகம் பிடித்தாள்.

"அக்கா, விடுக்கா. நான் இழுக்கணும்."

"நீ இழு, யார் வேணாம்னா."

"நீ விடாம நான் எப்படி இழுக்கறது?"

"மூணு நாளா நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு சில்லா பிளாஸ்திரியால ஒத்தி எடுத்தேன். அட்டை ஒட்டி, சுவத்துப் பக்கம் திருப்பி நிறுத்திட்டு ஓடினியே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே..."

"சொன்னா நீ கத்துவே."

"கத்தமாட்டேனா பின்ன?"

கம்பி கிறீச்சென்றது. கண்ணாடிக்காரர் இருவருக்கும் நடுவே கையை நீட்டினார். "நிறுத்துங்க. ரெண்டு பேரும் நிறுத்துங்க." குனிந்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். மயிரிழையில் தப்பியிருந்தது. நிமிர்ந்தார். "சண்டை போடணும்னா போடுங்க, நான் காதை மூடிக்கறேன். ஆனா வாய்ல போடுங்க. கையில போடாதீங்க."

அதன்படியே செய்தார்கள். வாயில் சண்டை ஓடியது. அப்பாவின் மணி வந்தது, தம்பி பெண்டாட்டி வந்தாள், திருப்பிக் கொடுக்காத இட்டிலிச் சட்டிகூட வந்தது. கை மட்டும் அவன் இழுத்தபோது விட்டது, அவன் விட்டபோது இழுத்தது. முதல் மூலை திரும்பியபோது அவளுக்குத் தோள் எரிந்தது. இரண்டாவது மூலையில் அவன் ஒரு தடவை, "அன்னிக்கு ராத்திரி நானும் தூங்கலைக்கா. வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். உள்ள விடமாட்டேன்னுட்டாங்க" என்றான். அவள் கம்பியை ஒரு இழுப்பு மெதுவாக இழுத்தாள். அவ்வளவுதான்.

பத்தரை மணிக்குக் கண்ணாடி முழுசாகக் கையோடு வந்தது.

வீட்டு வாசலில் கண்ணாடிக்காரர் மிச்ச வேலையைச் செய்தார். வண்டியின் ஓட்டை ஓரத்தில் இருந்த பழைய பசையைக் கத்தியால் சீவி, மெல்லிய படலத்தை மட்டும் விட்டார். கண்ணாடி விளிம்பைத் துடைத்து, கறுப்பு மருந்தைப் பூசிக் காயவிட்டார். பிறகு புதுப் பசையை விளிம்பு முழுக்க ஒரே சீராகப் பிதுக்கி, கண்ணாடியைத் தூக்கி வைத்து, உள்ளங்கையால் சுற்றி அழுத்தி, நழுவாமல் இருக்க நாலு இடத்தில் டேப் போட்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டேப்பை எடுக்காதீங்க. முன் ஜன்னல் ஒண்ணை ஒரு விரல் இறக்கியே வைங்க. முக்கியமா கதவை அடிச்சுச் சாத்தக் கூடாது. எல்லாம் மூடியிருக்கும்போது அடிச்சுச் சாத்தினா உள்ள காத்து போக வழியில்லாம பச்சைப் பசையைத் தள்ளும். கண்ணாடி வெளிய வந்துடும்."

வேன் அக்காவுக்குத் தன் ஆறு பேரும் வரிசையாகக் கண்ணுக்குள் வந்து போனார்கள். குறிப்பாக ஹெட்மாஸ்டர். ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகியும் கதவை வகுப்பறைக் கதவு போலவே சாத்துகிறவர்.

"டேய்" என்றாள் தம்பியிடம். "நாளைக்கு நாலே முக்காலுக்கு இங்க இரு. வேலைக்கு லீவு போடு."

திங்கட்கிழமை காலை தம்பி தள்ளுகதவுக்குப் பக்கத்தில், படியில் உட்கார்ந்து வந்தான். ஒவ்வொரு வீட்டிலும் அவன்தான் திறந்தான், அவன்தான் குழந்தையைத் தூங்க வைக்கிறவன் போல மூடினான். ஹெட்மாஸ்டர் கைப்பிடியில் கை வைத்ததும், "ஐயா, விட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான்.

"கதவைச் சாத்தக்கூட எனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஐயா. ரொம்ப நல்லாத் தெரியும். அதனாலதான்."

சந்துக் கடைசியில் தையல்காரம்மா நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை பேசின பேச்சு எதுவும் நடக்காதது போல ஏறினாள். புதுக் கண்ணாடியைப் பார்த்தாள். "டேப்பெல்லாம் போட்டு, ஆபரேஷன் பண்ணின மாதிரி இருக்கு" என்றாள்.

"பண்ணித்தான் இருக்கு. தொடாதே."

ஆறு இருபதுக்கு மையத்து வாசல். சூப்பர்வைசர் தாளும் பேனாவுமாக வந்தார். சுற்றி வந்து கண்ணாடியைப் பார்த்தார். "டேப் எதுக்கு?" என்றார். சொன்னாள். தட்டிப் பார்க்கப் போன கையை அவள் நடுவழியில் பிடித்தாள்.

"சாயங்காலம் தட்டுங்க சார். இப்ப வேணாம்."

"கெட்டியா நிக்குதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"கண்ணால பாருங்க."

அவர் முகம் சுருங்கியது. குனிந்து உள்ளே பார்த்தார். இருக்கை பார்த்தார், விரிப்பைத் தூக்கிப் பார்த்தார், சக்கர நாற்காலிப் பட்டையை இழுத்துப் பார்த்தார். எல்லாம் பார்த்து முடித்த ஒரு மனிதர் எதைச் செய்வாரோ அதைச் செய்தார். கைப்பிடியைப் பிடித்துக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

வேன் அக்கா அதற்குள் முன் ஜன்னல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க மறுபக்கம் போயிருந்தாள். எட்ட முடியாது. தம்பி அப்போதுதான் படியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். முன்கையை அப்படியே கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்தான். டம்மென்று சத்தம் வரவில்லை, மெத்தென்று வந்தது. கதவு நின்றது. கண்ணாடி நின்றது.

"ஐயையோ, கையை எடுக்கக் கூடாதா?" என்றார் சூப்பர்வைசர்.

"எடுத்தா கண்ணாடி போயிடும் சார்" என்றான் தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் கதவைத் தானே மெதுவாகத் திறந்து, அவன் கையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். பிறகு வேன் அக்காவைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, தாளை வண்டிமேல் வைத்து, கையெழுத்துப் போட்டு, கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அவள் முதலில் ஆறு பேரையும் இறக்கினாள். தையல்காரம்மாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் மெஷின் அருகே விட்டுவிட்டு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐஸ் பை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். தம்பி மதில்மேல் உட்கார்ந்திருந்தான். முன்கை புடைத்துச் சிவந்திருந்தது. அவள் எலும்பை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போனாள்.

"விரலை மடக்கு. நீட்டு. திருப்பு."

"வலிக்குதுக்கா."

"வலிக்கும். உடையலை. உடைஞ்சிருந்தா நான் இந்த இடத்துல அழுத்தினப்ப இந்நேரம் எந்திரிச்சு ஓடியிருப்பே."

ஐஸ் பையைக் கைமேல் வைத்து, தன் தோள் துண்டால் சுற்றிக் கட்டினாள். கட்டு இறுக்கமாகவும் இல்லை, தளர்வாகவும் இல்லை. அந்த விஷயத்தில் அவள் கை எந்தக் கோபத்துக்கும் கட்டுப்படாது.

"கோபம் போயிடுச்சாக்கா?"

"இல்ல" என்றாள். "பதினோரு மணிக்கு எல்லாரும் வெளிய வருவாங்க. அதுக்குள்ள போய் ஏதாவது சாப்பிட்டுட்டு வந்து கதவுகிட்ட நில்லு."